கிரேன்காரர் மகளின் ரத்த ஆராய்ச்சி

இரண்டாவது தடுப்பூசி போட்டுக்கொண்ட மறுநாள் காலையில் என் இடது அக்குளில் ஒரு கட்டி வந்தது. அக்குளில் கட்டி என்று ஒருத்தி சொன்னால், வலிக்கிறதா, டாக்டரிடம் காட்டினாயா என்றுதான் எவரும் கேட்பார்கள். என் தம்பி மகளோ வாயில் பல் பிரஷோடு ஓடி வந்தாள்.

"எங்க அத்தை, காட்டுங்க! அட, நல்லா வீங்கியிருக்கே!"

"ஏண்டி, இதுக்கா இவ்வளவு சந்தோஷம்?"

"பின்ன? என் படிப்பே இங்கதான் நடந்துட்டிருக்கு!"

அவள் என்ன படிக்கிறாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அதுவரை நான் "ரத்தம் படிக்கிறா" என்று சொல்லி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்து விளக்கினாள். அதன் பிறகு அதைக்கூடத் தைரியமாகச் சொல்ல முடியவில்லை.

"ஊசியில கிருமி கிடையாது அத்தை. ஒரு குறிப்புதான் இருக்கு. எம்ஆர்என்ஏன்னு பேரு. உங்க தோள்ல இருக்கற செல்லு அதைப் படிச்சு, கிருமி மேல இருக்கற முள்ளை மட்டும் செஞ்சு வெளிய காட்டும். காவல் செல்லுங்க அதைப் பாத்து, யாருடா இது, நம்ம ஆளு மாதிரி இல்லையேன்னு அக்குள்ல கூடிப் பேசும். அந்தக் கூட்டம்தான் இந்தக் கட்டி."

"அந்தக் குறிப்பு?"

"கொஞ்ச நாள்ல கரைஞ்சு போயிடும்."

"கரைஞ்சு போனா அப்புறம் எப்படிடி ஞாபகம் இருக்கும்?"

"அதைத்தான் அத்தை நானும் கேட்டுட்டிருக்கேன்!"

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் தோளுக்குப் படிக்கத் தெரியும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

அவளுக்குக் குடைச்சல் என்று பட்டப்பெயர் வைத்தது அவள் அம்மா. பேச்சு வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை கேள்வி கேட்டே எல்லோரையும் குடைந்தெடுத்தது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் காது ஒரே மாதிரி, அத்தைக்கு மட்டும் ஏன் வேறே என்று கேட்கும். எங்கள் குடும்பத்தில் யாருக்கு யார் ஜாடை என்று தெரிய வேண்டுமானால் என்னிடம்தான் வருவார்கள். எங்கள் அப்பாவுக்குக் காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கும். அவருடைய பெரியப்பாவுக்கும் அப்படித்தான். பெரியப்பாவின் மூத்த மகன் வீட்டை விட்டு ஓடிப்போய்ப் பல வருடம் கழித்துத் தாடியோடு திரும்பியபோது, அந்தக் காதை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். அந்தக் காது என் இரண்டு தம்பிகளுக்கும் வந்தது. எனக்கு வரவில்லை. ஏன் என்று அந்தப் பிள்ளை கேட்டதற்கு, "ஆண்டவன் மறந்துட்டான்" என்றேன். "அவருக்கு யாரு ஞாபகப்படுத்துவாங்க?" என்றது. வயது அப்போது நான்கோ ஐந்தோ.

தம்பிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய தம்பி, அதாவது குடைச்சலின் அப்பா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். பத்து மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, வீடு அளவு இரும்புப் பெட்டியை முட்டை வைப்பதுபோல் லாரியில் வைப்பான். சின்னத் தம்பி சோபாவுக்கும் மெத்தைக்கும் உறை தைக்கிறவன். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே அவன் பட்டறை. பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு தம்பிகளையும் நானே பெயர் மாற்றிக் கூப்பிடுவேன். முன்னாலிருந்து பார்த்தால் மீசை மட்டும் வித்தியாசம்.

குடைச்சல் பள்ளி முடிக்கும் வருடத்தில் அவள் அம்மா நோயில் விழுந்தாள். கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியே வீடாகிப் போனது. தினமும் ரத்தம் எடுத்தார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் ஊசி இறக்க நரம்பு கிடைக்காமல் கையைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். பெரிய தம்பி முதலில் கட்டிலருகே நின்றான், பிறகு வாசலில் நின்றான், பிறகு படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். பிள்ளை மட்டும் அம்மா பக்கத்திலேயே நின்று, "அந்த ரத்தத்தை எங்க கொண்டுபோறீங்க? அதுல என்ன பாப்பீங்க?" என்று நர்சைக் குடைந்துகொண்டிருந்தாள். அவள் இந்தப் படிப்புக்குப் போனதற்கு அதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. கேட்டால், "பரீட்சைல அந்தப் பாடத்துலதான் மார்க் வந்துச்சு" என்பாள்.

பட்டம், மேல்பட்டம் எல்லாம் முடித்து முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் மூன்றாவது மாடியில் அவளுடைய ஆராய்ச்சிக்கூடம். ஒரு தடவை என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். வாசலில் செருப்பை மாற்றச் சொன்னார்கள். உள்ளே ஓயாத உறுமல், எல்லாம் குளிர்பெட்டிகள். ஒன்றைத் திறந்தாள், வெள்ளைப் புகை காலில் வந்து விழுந்தது. விரல் நீளக் குழாய்கள், தேன்கூட்டில் புழு மாதிரி அடுக்கடுக்காக. "இத்தனையும் ஆளுங்கதான் அத்தை" என்றாள். எனக்கு அங்கே நிற்கவே ஒரு மாதிரியாகிவிட்டது.

கொரோனா வந்து ஊசியும் வந்தபோது, அவளுடைய பேராசிரியை இவளுக்குக் கொடுத்த வேலை இது: இரண்டாவது ஊசி போட்டு இரண்டு வாரம் ஆனவர்களிடம் ரத்தம் வாங்க வேண்டும். அதிலுள்ள காவல் செல்கள் எப்படிப் பழகியிருக்கின்றன என்று ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும். ரத்தம் கொடுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. பயந்துகொண்டு யாரும் ஆஸ்பத்திரிப் பக்கமே வராத நேரம் அது. குடைச்சல் வீட்டில் வந்து கையேந்தினாள்.

"கீழ நர்சம்மாகிட்ட பேர் குடுங்க, போதும். அவங்க பேரை எடுத்துட்டு எண் ஒட்டித்தான் மேல அனுப்புவாங்க. எது யாரோடதுன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது."

"சொந்த அத்தை ரத்தம்கூடவா தெரியாது?" என்றேன்.

"தெரிஞ்சா உங்களுக்கு மட்டும் நல்ல மார்க் போட்டுடுவேனே!"

நான் போனேன். நர்சம்மா கையைத் தட்டி, நரம்பைப் பிடித்து, மூன்று குழாய் நிரப்பினார். ஒட்டுச்சீட்டை ஒட்டினார். என் பெயர் அந்த மேசையோடு நின்றுவிட்டது. மேலே போனது ஓர் எண்.

சின்னத் தம்பி போய்வந்து சொன்னான்: "நாள் பூரா ஊசி என்னைக் குத்துது. இன்னைக்குத்தான்க்கா ஒருத்தி ரத்தத்தைக் கீழ சிந்தாம எடுத்து வச்சிருக்கா."

அடுத்த வாரம் பெரிய தம்பியின் முறை. சாப்பாட்டு மேசையில், "நானும் போய்ட்டு வந்துட்டேன்" என்றான். மகள் எழுந்துபோய் அவன் தலையில் ஒரு முத்தம் வைத்தாள். அவன் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கூச்சம் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. குழாய்கள் குளிர்பெட்டிக்குள் உறைந்திருந்தன. எல்லோருடையதும் சேர்ந்த பிறகு ஒன்றாக வெளியே எடுத்து, உருக்கி, செல்லைப் பிரித்து எந்திரத்தில் கொடுத்தார்கள். எந்திரம் என்னவோ எழுத்தாகத் துப்பியது. அதைப் படிக்க அவளுக்கு மாதக்கணக்கானது.

ஒரு மாலை வீட்டுக்கு வந்தவள் காலில் இருந்த ஷூவைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

"என்னடி?"

"ரெண்டு எண் ஒண்ணா இருக்கு அத்தை."

"இருந்தா?"

"இருக்கவே முடியாது."

அவள் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். இரண்டு தனித்தனி ஆட்களின் ரத்தம் அச்சடித்ததுபோல் ஒன்றாக வந்திருக்கிறது. பேராசிரியை பார்த்துவிட்டு, "ஒரே குழாயை ரெண்டு தடவை எடுத்திருக்கே. எண்ணை மாத்தி ஒட்டியிருக்கே" என்றாராம். அப்படியானால் அன்று அவள் கையாண்ட குழாய் எதையும் நம்ப முடியாது. அத்தனையும் குப்பைக்குப் போக வேண்டும். மறுபடி ரத்தம் வாங்கவும் வழியில்லை. ஊசி போட்ட இரண்டாம் வாரத்து ரத்தம் இரண்டாம் வாரத்தில்தான் கிடைக்கும்; போன வருடத்து மழையை இன்றைக்குப் பிடிக்க முடியுமா? அது இல்லையென்றால் ஆராய்ச்சியும் இல்லை, பட்டமும் இல்லை. அடுத்த மாதம் அவள் ஆராய்ச்சியைப் பார்க்கிற குழு கூடுகிறது. அதற்குள் காரணம் சொல்லியாக வேண்டும்.

"நீ மாத்தி எடுத்தியா?"

"இல்ல அத்தை." தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "இல்லைன்னுதான் நெனைக்கறேன்."

அந்த 'நினைக்கிறேன்' அவளைப் பிடித்துக்கொண்டது. மிச்சமிருந்த துளியை எடுத்துத் திரும்பச் செய்தாள், அதே பதில். அதுவும் போதாதென்றார் பேராசிரியை. மிச்சத் துளியை முதலில் பிரித்து வைத்தவளும் இவள்தானே. வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்ப வந்து பார்ப்பாள், போய்விட்டு மறுபடி வந்து பார்ப்பாள். பூட்டிய கதவைத் திறந்து பூட்டுவாள். டீயில் சர்க்கரை போட்டேனா என்று என்னைக் கேட்பாள். "குடிச்சுப் பாருடி" என்றால், "என் நாக்கை நம்ப முடியாது அத்தை" என்பாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பெரிய தம்பி எதுவும் கேட்கவில்லை. மகள் கவலையாக இருக்கிறாள் என்று தெரியும். ஆனால் அவள் பேசுவது அவனுக்குப் புரிந்ததே இல்லை. "மேல ஆபீஸ்ல ஏதோ தகராறாம்" என்று என்னிடம் சொன்னான். தன் வேலையை வைத்து எல்லா வேலையையும் 'மேலே' என்றே சொல்லிப் பழகியவன்.

ஒரு ஞாயிறு மத்தியானம், சின்னத் தம்பியின் பட்டறையில் உட்கார்ந்திருந்தோம். அவன் ஒரு சோபாவின் முதுகுக்கு வளைந்த ஊசியால் கைத்தையல் போட்டுக்கொண்டிருந்தான். நான் பிரித்த பஞ்சை உதறிக்கொண்டிருந்தேன். குடைச்சல் தரையில் கிடந்த துண்டுத் துணிகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

"அது எப்படிம்மா ஒண்ணா இருக்க முடியாதுங்கற?" என்றான் அவன். பேச்சுக்குத்தான் கேட்டான். "ரத்தம்னா ரத்தம்தானே?"

அவள் நான்கு துண்டுத் துணியைப் பொறுக்கினாள். "இந்தா சித்தப்பா. ஒவ்வொரு காவல் செல்லும் பொறக்கும்போது இப்படிக் கிடைச்ச துண்டை எடுத்து, கண்ண மூடிட்டு வெட்டி, ஒட்டுப்போட்டு ஒரு பை தைச்சுக்கும். கிருமியோட முள்ளு எந்தப் பையில சரியா உக்காருதோ அந்தச் செல்லு மட்டும் பெருகும். அக்குள்ல போய் இன்னும் திருத்தித் தைக்கும்."

"கண்ண மூடிட்டு வெட்டுனா துணி வீணாப் போகுமே?"

"போகும். முக்கால்வாசி வீண்தான்."

"முதலாளி சும்மா விடறாரா?"

"நம்ம உடம்புல முதலாளியே கிடையாது சித்தப்பா. அதான் சிக்கல்." அன்றைக்கு அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது அப்போதுதான். "ரெண்டு பேருக்கு ஒண்ணு ரெண்டு பை ஒத்துப்போலாம். ஆனா எனக்கு வந்த ரெண்டு எண்ணுலயும், பெரிசா பெருகின பை அத்தனையும் ஒண்ணு. ஓரத்துப் பிசிறு முதற்கொண்டு."

"அண்ணன் தம்பியா இருந்தா?"

"ஆகாது."

"ரெட்டைப் பிள்ளைங்க?"

"அவங்களுக்கும் ஆகாது. துணி வேணா ஒரே கடைத் துணியா இருக்கலாம். வெட்டறது அவங்கவங்க உடம்பு."

அவன் கை நின்றது. ஊசி பாதித் துணிக்குள் நின்றது. "அப்போ... ஒரே ஆளு ஒரு வாரம் தள்ளி வந்து திரும்பக் குடுத்தாக்கூட உனக்குத் தெரிஞ்சிடுமா?"

"தெரியும். பெரிய பை அத்தனையும் அப்படியேதான்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். நான் பஞ்சை உதறுவதை நிறுத்தினேன். எதற்கு நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது.

"சித்தப்பா. ஒரு வாரம் தள்ளின்னு யார் சொன்னா?"

அவன் என்னைப் பார்த்தான். என்னிடம் என்ன இருக்கிறது?

"சித்தப்பா!"

"அண்ணன் வாசல் வரைக்கும் வந்தான்மா" என்றான் மெதுவாக. "நான்தான் துணைக்குப் போனேன். கதவைத் தொறந்ததும் அந்த ஸ்பிரிட் வாசனை வந்துச்சு. உள்ள யாருக்கோ கையைத் தட்டித் தட்டி நரம்பு பாத்துட்டிருந்தாங்க. அவ்வளவுதான், செவுத்தைப் பிடிச்சுட்டான். மூஞ்சியெல்லாம் வேர்வை. அண்ணி இருந்த ரூம் மாதிரியே இருக்குடாங்கறான். தோள்ல ஊசி போட்டப்போ கண்ணை மூடிட்டுப் போட்டுக்கிட்டான். ரத்தம் எடுக்கறதை மட்டும் அவனால முடியலம்மா. சரி, உன் ஊசிக் கார்டைக் குடுன்னு வாங்கிட்டு நான் உள்ள போயிட்டேன். மூஞ்சியில மாஸ்க். நர்ஸும் அன்னைக்கு வேற ஆளு. இந்தக் கையில குத்தின தழும்பு இருந்துச்சு, அந்தக் கையை நீட்டினேன்."

"ஏன் சித்தப்பா?"

"உனக்கு ரத்தம் வேணும்னு சொன்னே. ஒரு வயித்துல பொறந்தவங்க, ஒரே ரத்தம்தானே, யாரு குடுத்தா என்னன்னு நெனச்சோம். உனக்கு ஒரு ஆள் குறையக் கூடாதேன்னுதான்."

உண்மையைச் சொன்னால், அவன் சொன்னதில் என்ன தப்பு என்று எனக்கும் அப்போது விளங்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒரே ரத்தம் என்றுதான் இத்தனை வயது வரை சொல்லி வந்திருக்கிறேன்.

குடைச்சல் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. துண்டுத் துணியிலேயே மூக்கைத் துடைத்தாள். "என் கைமேலயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு சித்தப்பா."

"இப்போ தெரிஞ்சுபோச்சுல்ல? போய்ச் சொல்லிடு."

"எப்படிச் சொல்றது? யார் ரத்தம்னு எனக்குத் தெரியவே கூடாது. அதுக்கு மேல, எங்கப்பா பயந்துட்டு ஆள் மாத்தி அனுப்பினார்னு நான் போய்ச் சொல்லணுமா? அப்பாவா வந்து நர்சம்மாகிட்ட சொன்னா உண்டு. சொல்லச் சொல்லி நான் கேக்க மாட்டேன். யாரும் கேக்கக் கூடாது."

"நான் சொல்லலாமா?" என்றான் தம்பி. அவனே தலையை ஆட்டிக்கொண்டான். "உங்ககிட்ட உளறினதே தப்பு. சொல்ல மாட்டேன்னு அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

குழு கூட இன்னும் சில நாள்தான் இருந்தது. வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். பிள்ளை பாவம் என்று ஒரு நேரம் தோன்றும். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த தம்பியின் முதுகு நினைவுக்கு வரும். அவனும் பாவம் என்று தோன்றும். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் பாத்திரங்கள்மேல் கோபப்பட்டேன். வாக்குக் கொடுத்தவன் சின்னத் தம்பி. யாரும் கேட்கக் கூடாது என்றவள் குடைச்சல். நான் வாக்கும் கொடுக்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அதனால் நான் கிளம்பினேன்.

துறைமுக வாசலில் இருக்கும் கேண்டீனில் காத்திருந்தேன். மத்தியான இடைவேளைக்கு அவன் இறங்கி வந்தான். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"என்னக்கா? பாப்பாவுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல, உக்காரு. நீ ரத்தம் குடுக்கலியாமே."

கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தான். ஒன்றின்மேல் ஒன்றாக, விரல் விரலாகச் சரி பார்த்து வைத்தான். "அவ ஏமாந்து போகக் கூடாதுன்னுதான்க்கா. அவளுக்கு ரத்தம் வேணும், என்னால குடுக்க முடியல, தம்பி குடுத்தான். இதுல எங்க தப்பு வந்துச்சு?"

"எனக்கும் புரியலடா. பைங்கறா, தையல்ங்கறா. ஒரே கடைத் துணியா இருந்தாலும் வெட்டறது அவங்கவங்களாம். உன் தம்பி ரத்தம் ரெண்டு பேர்ல போனதால, அவ வேலையே தப்புங்கறாங்க. குப்பையில போடப் போறாங்க எல்லாத்தையும்."

"என்னாலயா?"

"உன்னாலதான்."

"அவளுக்கு இது தெரியுமா?"

"தெரியும். உன்னைக் காட்டிக் குடுக்க மாட்டேங்கறா."

ஜன்னல் வழியாகக் கிரேனைப் பார்த்தான். "மேல இருந்து பாத்தா எல்லாம் ஒழுங்கா அடுக்கி வச்ச மாதிரி தெரியும்க்கா" என்றான். "கீழ இறங்கினாத்தான் ஒண்ணும் புரியறதில்ல." அரை நாள் லீவு சொல்லிவிட்டு என்னோடு புறப்பட்டான். வழியில் பட்டறையில் நிறுத்தித் தம்பியையும் ஏற்றிக்கொண்டான். "வாக்கை வாபஸ் வாங்கிட்டேன், வாடா" என்றான். சின்னத் தம்பி கையிலிருந்த கத்தரிக்கோலோடு வந்து வண்டியில் ஏறினான்.

ஆஸ்பத்திரியில் பெரிய தம்பி நடந்ததைச் சொல்லக் கேட்டதும் நர்சம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். எங்கள் மூன்று பேரையும் மேலே பேராசிரியை அறைக்குக் கூட்டிப்போனார். பேராசிரியை குட்டையான அம்மாள், மேசைமேல் மூன்று கண்ணாடி; தேடும்போது ஒன்றும் கையில் அகப்படாது. எல்லாம் ஒழுங்காக நடந்துவிடும் என்று நான் நினைத்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"சார், இது விளையாட்டா? ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் ரத்தம்! நான் மேலிடத்துக்கு எழுதிக் குடுக்கணும். வீட்டாளுங்களைச் சேத்ததே முதல் தப்பு."

"தப்புதான்மா" என்றான் பெரிய தம்பி. அவ்வளவு பெரிய ஆள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிக் கையைக் கட்டி நின்றான். "எம்மேல என்ன வேணா எழுதுங்க. அவ எண்ணை மாத்தி ஒட்டலம்மா. அதை மட்டும் எழுதிடுங்க."

சின்னத் தம்பி சட்டைக் கையைச் சுருட்டி, "இந்தக் கை மொதல் வாரம், இந்தக் கை அடுத்த வாரம்" என்று இரண்டையும் நீட்டினான். பேராசிரியை இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார். மேசையைத் தடவிக் கண்ணாடியைத் தேடினார். அது அவர் தலையில் இருந்தது.

"வேற வேற நாள்" என்றார், எங்களிடம் இல்லை, தனக்குத்தானே. "வேற வேற எண். தனித்தனியா உறைஞ்சது. ஒரே ஆளுன்னு அவளுக்குத் தெரியாமலே ரெண்டையும் செஞ்சிருக்கா... ரெண்டும் ஒண்ணா வந்திருக்கு." எழுந்து கதவைத் திறந்து உரக்கக் கூப்பிட்டார். குடைச்சல் கையுறையோடு வந்தாள். எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உன் கையில ஒண்ணும் தப்பில்ல" என்றார் பேராசிரியை. "நானே பரீட்சை வச்சிருந்தாக்கூட இப்படி ஒரு பரீட்சை வச்சிருக்க மாட்டேன்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அறை முழுக்க அந்த ஸ்பிரிட் வாசனை.

"ஏம்பா வந்தீங்க?"

"லிஃப்ட்லதான் வந்தேன்" என்றான்.

அதோடு எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மேலிடத்துக்கு எழுதினார்கள், விசாரணை என்று கூப்பிட்டார்கள். பெரிய தம்பி பெயரில் போன எண்ணை எடுத்துவிடச் சொன்னார்கள். மற்ற குழாய்கள் பிழைத்தன. பட்டம் தள்ளித்தான் போனது, ஆனால் போய்விடவில்லை.

ஊசி போட்டு வெகுநாள் ஆனவர்களுக்கு ஞாபகம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்க, பேராசிரியை பிறகு இன்னொரு தொகுதி ரத்தம் சேர்த்தார். யாரும் அழைக்காமல் பெரிய தம்பி நர்சம்மாவிடம் போய் நின்றான். "சொந்தக்காரங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்களே" என்றார் அவர். இவன் நகரவில்லை. நர்சம்மா மேலிடத்தில் கேட்டு, இந்த முறை அடையாளம் இரண்டு தடவை சரிபார்ப்பது என்ற நிபந்தனையோடு சம்மதம் வாங்கினார். படுக்க வைத்து எடுத்தார்கள். குடைச்சல் அவன் தலைமாட்டில் நின்று உள்ளங்கையால் அவன் கண்ணை மூடிக்கொண்டாள். "அம்மாவுக்கும் இப்படித்தான் மூடுவேன்" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அவன் மயங்கத்தான் செய்தான், ஆனால் குழாய் நிரம்பிய பிறகு.

இப்போது அவள் டாக்டர். அக்கம்பக்கத்தில் இருமல், கால்வலி என்று வருகிறவர்களிடம், "நான் அந்த டாக்டர் இல்லை" என்று கையை விரிக்கிறாள். "அப்போ எந்த டாக்டர்?" என்று அவர்கள் என்னைக் கேட்கிறார்கள். நான் அக்குளைத் தொட்டுக் காட்டுகிறேன். குழம்பிப்போய்த் திரும்புகிறார்கள்.

பட்டத்துக்கான பேச்சு நடந்த நாளில் நாங்கள் மூன்று பேரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். முடிந்து வெளியே வந்தால், தாழ்வாரத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம். நீலமும் சிவப்புமாகப் புள்ளிகள், சில உயரத்தில், சில தாழ்வாக.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆளு. நீலம் மொதல் தொகுதி, சிவப்பு பின்னால சேத்த தொகுதி" என்றாள் குடைச்சல்.

"இதுல நான் எது?" என்றான் பெரிய தம்பி.

"தெரியாதுப்பா. சிவப்புல ஏதோ ஒண்ணு."

அவன் படத்தருகே போய் நின்று, எல்லாவற்றுக்கும் மேலே தனியாக இருந்த சிவப்புப் புள்ளியில் விரலை வைத்தான். "இதுதான் நான்."

"உசரத்துல இருக்கறதெல்லாம் நீயாண்ணா? இது என்ன கிரேனா?" என்றான் சின்னத் தம்பி. "அது நான்."

"நீ நீலம்டா. மொதல் தொகுதி."

"ரெண்டு தடவை குடுத்தவன் நான். எனக்கு ரெண்டு புள்ளி வேணும்."

"ஒண்ணைத்தான் எடுத்துட்டாங்களே!"

அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது நான் என் புள்ளியைத் தேடினேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அவள் சொல்வதைப் பார்த்தால் ஒன்றுகூட இன்னொன்றைப் போல இல்லை.

"குடைச்சல், ஒண்ணு கேக்கறேன். எங்க மூணு பேருக்கும் ரத்தம் வேற வேறன்னா, எங்களுக்குள்ள ஒண்ணா இருக்கறதுதான் என்னடி?"

அவள் யோசித்தாள். கேள்வி கேட்டே வளர்ந்த பிள்ளை, பதில் சொல்லத் திணறி அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசியில் என் தம்பிகளின் பக்கம் கையைக் காட்டினாள்.

"காது, அத்தை."

"எனக்குத்தான் அந்தக் காது வரலையே!"

"ஆமா இல்ல?" என்றாள் அவள். நின்று என் காதையே உற்றுப் பார்க்கத் தொடங்கினாள்.